ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் மீதான தண்டனைகள்

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டபோது, சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டை ஏற்காத கத்தோலிக்கர் மீது பல தண்டனைகளையும் தடைகளையும் விதித்தனர். யாழ்ப்பாணம், மன்னார், நீர்கொழும்பு, கொழும்பு ஆகிய பகுதிகளின் மக்களே இவற்றால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடியிலும் இதே முயற்சி நடந்தது. ஆனால் அங்கே அது வேறு விதமாக முடிந்தது. 1658-இல் தொடங்கிய இந்தச் சட்டங்கள், ஆங்கிலேயர் ஆட்சியில் 1806-இல் நீக்கப்பட்டன.

சமய வரலாற்றில் பொதுவாக உயிர்த் தண்டனைகளே பேசப்படும். ஒல்லாந்தர் சட்டத்தின் கூர்மை வேறிடத்தில் இருந்தது. திருமணம் செல்லுமா, பிள்ளைக்குச் சொத்து போய்ச் சேருமா, படித்தவனுக்கு அரச வேலை கிடைக்குமா என்னும் அன்றாடக் கேள்விகளுக்கான விடைகளை அது கோவில் வருகையோடு கட்டிப்போட்டது. மக்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி.

ஐரோப்பாவில் இத்தகைய சட்டங்கள்

16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கிறிஸ்தவம் கத்தோலிக்கம், சீர்திருத்தம் என இரண்டாகப் பிரிந்தது. மன்னரின் சமயமே குடிகளின் சமயமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. மன்னரின் கோவிலுக்கு வர மறுப்பது அரசையே மறுப்பதாகக் கருதப்பட்டது.

இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்து. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1559-இல் இயற்றப்பட்ட சட்டம், ஞாயிற்றுக்கிழமை அரச திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு 12 பென்னி அபராதம் விதித்தது. 1581-இல் அந்த அபராதம் மாதத்துக்கு 20 பவுனாக உயர்த்தப்பட்டது. ஒரு கைவினைஞர் ஓராண்டு முழுவதும் உழைத்தாலும் அவ்வளவு ஈட்ட முடியாது. 1585-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வந்த கத்தோலிக்கக் குருவைத் துரோகியாகவும், அவருக்கு அடைக்கலம் கொடுத்தவரைக் கொலைக் குற்றவாளிக்கு இணையாகவும் நடத்தியது. அபராதம் கட்டாதவர்களின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ள 1587-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1593 முதல், வழிபாட்டுக்கு வர மறுத்த கத்தோலிக்கர் தம் வீட்டிலிருந்து 5 மைல் தொலைவுக்கு அப்பால் அனுமதியின்றிச் செல்லக் கூடாது என்றும் ஆணை வந்தது. யார்க் நகரைச் சேர்ந்த மார்கரெட் கிளித்தெரோ என்ற இல்லத்தரசி குருக்களை வீட்டில் மறைத்து வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1586-இல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார்.

ஒல்லாந்து நாட்டில் நிலைமை இவ்வளவு கடுமையாக இல்லை. அங்கே கத்தோலிக்கர் பொதுவெளியில் வழிபடத் தடை இருந்தது. எனினும் வீட்டு மாடிகளிலும் பின்கட்டுகளிலும் அமைந்த மறைவான கோவில்களை அதிகாரிகள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டனர். அதே ஒல்லாந்தர் இலங்கையில் கடுமை காட்டியதற்குச் சமயத்தோடு அரசியலும் காரணமாக இருந்தது.

பின்னணி: 1535 முதல் 1658 வரை

தூத்துக்குடியைச் சுற்றிய முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரவர் சமூகத்தினர், 1535-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கர் ஆயினர். 1542-இல் இந்தியா வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து பணியாற்றினார். 1544-இன் இறுதியில் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த முக்குவர் மக்களிடையே அவர் பணி செய்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரது கடிதம் கூறுகிறது. முட்டம், குளச்சல் முதலிய இன்றைய கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் தம் கிறிஸ்தவ வரலாற்றை இந்தக் காலத்திலிருந்தே தொடங்குகின்றன.

மன்னாரிலும் அதே 1544-இல் மக்கள் கிறிஸ்தவம் தழுவினர். அவர்களில் பல நூறு பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்லச் செய்தான். 1619-இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை முழுமையாகக் கைப்பற்றினர். அவர்கள் கத்தோலிக்கத்தைப் பரப்பியபோது நல்லூர்க் கந்தசுவாமி கோவில் உட்படப் பல சைவக் கோவில்களை இடித்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையை அயலார் காணாதபடி வீட்டுக் கூரையில் செருகி மறைத்த வழக்கம் பற்றி யாழ்ப்பாணத்துச் சைவர்களிடையே இன்றும் சொல்லப்படும் செய்தி அக்காலத்தைச் சேர்ந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய வரலாற்றைப் படிக்கும்போது, அதற்கு முன் கத்தோலிக்க அரசு சைவரை ஒடுக்கியதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒல்லாந்த கிழக்கிந்திய நிறுவனம் 1656-இல் கொழும்பைப் பிடித்தது. 1658-இல் ரைக்லொஃப் வான் கூன்ஸ் தலைமையிலான படை தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகியவற்றை அடுத்தடுத்துக் கைப்பற்றியது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பின் ஜூன் மாதத்தில் சரணடைந்தது.

1658-ஆம் ஆண்டு ஆணை

கோட்டை விழுந்த சில மாதங்களுக்குள், அதைத் திரும்பப் பிடிக்கும் சதி ஒன்று வெளிப்பட்டது. அதில் ஈடுபட்டவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கத்தோலிக்கக் குரு ஒவ்வொருவரும் போர்த்துக்கீசரின் ஒற்றராக இருக்கக்கூடும் என்ற அச்சம் ஒல்லாந்தருக்கு வலுத்தது.

1658 செப்டம்பர் 19 அன்று ஓர் ஆணை வெளியிடப்பட்டது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவர், அவரை மறைத்து வைப்பவர் எவராயினும் அவருக்கு மரண தண்டனை என்று அது அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகள் 'பிளக்காத்' எனப்பட்டன. மக்கள் கூடும் இடங்களில் அவை வாசிக்கப்பட்டன. இந்த ஆணை 18-ஆம் நூற்றாண்டிலும் திரும்பத் திரும்பப் புதுப்பித்து வெளியிடப்பட்டது. முதல் ஆணை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதற்கு இந்தப் புதுப்பித்தல்களே சான்று. குருக்கள் வந்துகொண்டும், மக்கள் அவர்களை மறைத்துக்கொண்டும் இருந்தனர்.

தண்டனைகளும் தடைகளும்

ஒல்லாந்தர் விதித்தவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. குருக்கள்: கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம்.

2. கோவில்கள்: கத்தோலிக்கக் கோவில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வசமாயின. சுரூபங்களும் பலிபீடங்களும் அகற்றப்பட்டன.

3. கூட்டங்கள்: பூசைக்காகவோ செபத்துக்காகவோ கத்தோலிக்கர் கூடுவது தடை செய்யப்பட்டது. மீறியோருக்கு அபராதம், கசையடி, விலங்கிட்ட கட்டாய வேலை ஆகியவை விதிக்கப்பட்டன.

4. திருமுழுக்கு: குழந்தைகள் சீர்திருத்தச் சபையில் திருமுழுக்குப் பெற்று அங்கே பதிவு செய்யப்பட வேண்டும்.

5. திருமணம்: சீர்திருத்தச் சபையின் வழியாக நடந்து பதிவான திருமணமே சட்டப்படி செல்லும். கத்தோலிக்கக் குரு மறைவில் நடத்தி வைத்த திருமணத்தை அரசு ஏற்கவில்லை.

6. வாரிசுரிமை: செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் பார்வையில் முறையான வாரிசுகள் அல்லர். தந்தையின் காணியில் அவர்களின் உரிமை கேள்விக்குள்ளானது.

7. பதவி: முதலியார் முதலான அரச பதவிகளுக்குச் சீர்திருத்தக் கிறிஸ்தவராக இருப்பது தகுதியாயிற்று.

8. பள்ளி: பிள்ளைகளைப் பள்ளிக்கும் வழிபாட்டுக்கும் அனுப்பாத பெற்றோர் அபராதம் கட்ட வேண்டும்.

இவற்றில் முதல் மூன்றும் குருக்களையும், அவர்களோடு துணிந்து தொடர்பு வைத்தவர்களையும் தாக்கின. மற்ற ஐந்தும் எல்லா வீடுகளையும் தொட்டன. துணிவுள்ள சிலர் கசையடியைத் தாங்கிக்கொள்ளலாம். பிறக்கப்போகும் பிள்ளையின் காணி உரிமையை இழக்கத் துணிவது அதைவிடக் கடினம்.

பள்ளியும் தோம்பும்

இந்தச் சட்டங்களை ஊர்தோறும் செயல்படுத்தியவர் பள்ளி ஆசிரியரே. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு போன்ற ஊர்களில் போர்த்துக்கீசர் கட்டிய கோவில்களை ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையின் கோவில்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றினர். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ், 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் இக்கோவில்களைப் படங்களுடன் விவரித்துள்ளார். தமிழ் கற்றுக்கொண்ட அவர், இப்பணியில் உண்மையான ஆர்வம் கொண்டவராகவே தெரிகிறார்.

ஐரோப்பியப் போதகர்கள் மிகச் சிலரே இருந்ததால், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி ஆசிரியரே எழுதி வைத்த பிரசங்கத்தைத் தமிழில் வாசித்தார். பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதியவரும் அவரே. இப்பதிவேடு 'பள்ளித் தோம்பு' எனப்பட்டது. காணிகளைப் பதிந்தது காணித் தோம்பு. பள்ளித் தோம்பில் பெயர் இல்லாதவர், காணித் தோம்பில் உரிமை கேட்டு நிற்கும்போது திணற நேர்ந்தது. ஓர் ஆசிரியரின் கையில் வருகைப் பதிவு, பிரசங்கம், குடும்பங்களின் சட்டநிலை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தன.

இந்த அமைப்பால் நன்மைகளும் விளைந்தன. பல ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர். 1690-இல் நல்லூரில் போதகர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்கும் குருமடம் ஒன்று தொடங்கப்பட்டது. 1737 முதல் கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சகம் நூல்களை வெளியிட்டது. தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று 1759-இல் அங்கே அச்சானது. தோம்புகள் இன்று இலங்கைச் சமூக வரலாற்றுக்கு அரிய ஆவணங்களாக உள்ளன. கல்வியைக் கொண்டுவந்த கையே கட்டாயத்தையும் கொண்டுவந்தது.

மக்கள் நடந்துகொண்ட விதம்

சட்டத்தை எதிர்கொண்ட மக்களிடம் மூன்று வகையான போக்குகள் காணப்பட்டன.

முதலாவது, வெளிக்கு இணங்கி உள்ளே பழைய நம்பிக்கையைத் தொடர்வது. பலர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குச் சென்றனர். பிள்ளைக்குச் சீர்திருத்தச் சபையில் திருமுழுக்குப் பெற்றனர். திருமணத்தைத் தோம்பில் பதிந்தனர். பிறகு வீட்டில் செபமாலை சொன்னார்கள். குரு ஒருவர் மறைவாக வந்தால் அவரிடம் திருமணத்துக்கு ஆசி பெற்றார்கள். சைவர்களிலும் பலர் இதே வழியைக் கைக்கொண்டனர். பெயரளவில் கிறிஸ்தவராகப் பதிந்துகொண்டு வீட்டில் சைவராகவே வாழ்ந்தனர். இதனால் ஒல்லாந்தரின் கணக்குகளில் காணப்பட்ட பெரும் எண்ணிக்கை உண்மையான சபை அளவைக் காட்டவில்லை.

இரண்டாவது, ஒல்லாந்தரின் எல்லையைத் தாண்டிச் செல்வது. கண்டி அரசும் வன்னிக் காடுகளும் இதற்கு இடம் தந்தன. மன்னார் மாவட்டத்திலுள்ள மடுத் திருப்பதியின் மரபு இதனோடு தொடர்புடையது. மாந்தையில் இருந்த அன்னையின் சுரூபத்தை ஒல்லாந்தருக்கு அஞ்சிய குடும்பங்கள் காட்டு வழியே சுமந்து சென்று, மருதமடுவில் வைத்துப் பாதுகாத்தன என்பது அம்மரபு. இன்று இலங்கையில் பெருந்திரளான மக்கள் கூடும் கத்தோலிக்கத் திருத்தலமாக மடு விளங்குகிறது. ஓர் அடக்குமுறைச் சட்டத்துக்குத் தப்பியோடியவர்களின் புகலிடமே பிற்காலத்தில் யாத்திரைத் தலமானது.

மூன்றாவது, வெளிப்படையாக மறுத்து நின்று விளைவைத் தாங்குவது. இவர்களின் எண்ணிக்கை குறைவு. 1689-ஆம் ஆண்டு நிகழ்வில் பிடிபட்டவர்கள் இவ்வகையினர்.

யோசப் வாஸ் அடிகளும் 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவும்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் நிலையான குருக்கள் இன்றி வாழ்ந்தனர். இதைக் கேள்விப்பட்ட கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் (1651–1711), 1687-இல் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறி இலங்கைக்குச் சென்றார். ஐரோப்பியக் குருவாக இருந்தால் தோற்றமே காட்டிக்கொடுத்துவிடும். கொங்கணி பேசும் இந்தியரான அவர் கூலியாளின் உடையில் மக்களோடு கலந்துவிட முடிந்தது. யோவான் என்ற உதவியாளர் அவருடன் சென்றார்.

நோயுற்ற நிலையில் யாழ்ப்பாணத்தை அடைந்த அவர், பிச்சை எடுப்பவரைப் போல வீடு வீடாகச் சென்றார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத நிலை. எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, அதைக் கண்டவர்களின் முகக்குறிப்பிலிருந்து தம்மவரை அடையாளம் கண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. பின்னர் சில்லாலை ஊரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, இரவு வேளைகளில் பூசை நிறைவேற்றினார். ஆட்சியாளரின் கண்ணில் படாமல் இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணி நடந்ததென்றால், ஊர் மக்கள் ஒன்றுபட்டு அவரைக் காத்தனர் என்பதே பொருள்.

1689 கிறிஸ்து பிறப்பு விழா இரவில், யாழ்ப்பாணத்தில் பூசைக்காகச் சில வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தரின் வீரர்கள் சுற்றி வளைத்தனர். சுமார் 300 பேர் பிடிபட்டனர். வாஸ் அடிகள் அகப்படவில்லை. மறுநாள் பெண்கள் விடுவிக்கப்பட்டனர். ஆண்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. எட்டுப் பேர் தனியே பிரிக்கப்பட்டுக் கசையடிக்கு உள்ளாயினர். அவர்களில் தொன் பேதுரு என்பவர், சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்குத் திரும்பியவர். அவர் பட்ட அடிகளாலேயே இறந்தார். மற்ற எழுவரும் கோட்டை வேலையில் வாழ்நாள் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர்.

வாஸ் அடிகளின் பெயர் பின்னாளில் உலகம் முழுவதும் அறியப்பட்டது. அவரைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கிய எண்மரில் எழுவரின் பெயர்கூடப் பரவலாக அறியப்படவில்லை.

இதன்பின் வாஸ் அடிகள் 1690-இல் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692-இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கீச ஒற்றர் என்ற ஐயத்தில் சிறையிடப்பட்டார். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுத் தடையின்றிப் பணியாற்றினார். கிறிஸ்தவ ஒல்லாந்தர் மறுத்த வழிபாட்டு உரிமையை ஒரு பௌத்த மன்னர் வழங்கினார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைச் சமய வேறுபாடின்றி வாஸ் அடிகள் கவனித்துக்கொண்டார்.

கோவாவிலிருந்து வந்த ஒரத்தோரியச் சபைக் குருக்கள் அவரது பணியைத் தொடர்ந்தனர். குருக்கள் ஆண்டுக்கு ஓரிரு முறையே ஓர் ஊருக்கு வர முடிந்தது. இடைப்பட்ட நாள்களில் மூப்பர், அண்ணாவியார் எனப்பட்ட இல்லறத்தாரே செபங்களை நடத்தினர். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தனர். ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளித்தனர். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். குரு இல்லாத ஊரில் வாசிக்கவும் பாடவும் அவை பயன்பட்டன. யோசப் வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

தூத்துக்குடி: முத்தும் சங்கும் மாற்றிய கொள்கை

தூத்துக்குடியிலும் ஒல்லாந்தர் 1658-இல் இதே கொள்கையைத் தொடங்கினர். இயேசு சபைக் குருக்கள் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கோவில் நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பரவரைச் சீர்திருத்தச் சபைக்குக் கொண்டுவரப் பால்தேயஸ் அனுப்பப்பட்டார். ஆனால் பரவர் இணங்கவில்லை. ஒல்லாந்தரின் அதிகாரம் எட்டாத அயலூர்களில் குருக்கள் தங்கினர். மக்கள் அங்கே சென்று பூசை கண்டனர்.

இங்கே யாழ்ப்பாணத்தைப் போன்ற கடுமையை ஒல்லாந்தரால் நீடித்துக் காட்ட முடியவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் நேரடி ஆட்சிப் பகுதி. தூத்துக்குடியிலோ அவர்கள் கரையோரத்தில் மட்டுமே வலிமை பெற்றிருந்தனர். சற்று உள்ளே சென்றால் மதுரை நாயக்கரின் நாடு. இது முதற்காரணம். நிறுவனத்துக்கு வருவாய் தந்தவை முத்தும் சங்கும். அவற்றைக் கடலில் மூழ்கி எடுப்பதில் பரவர் முக்கியப் பங்கு வகித்தனர். அவர்கள் தங்கள் சாதித்தலைவரின் கீழ் ஒற்றுமையாக இருந்தனர். ஊரைவிட்டு அவர்கள் கிளம்பினால் முத்துக்குளிப்பே நின்றுவிடும். இது இரண்டாவது காரணம்.

இதனால் நாளடைவில் நிறுவனம் இறங்கி வந்தது. ஒல்லாந்தரின் ஆட்சி நடக்கும்போதே, 1713-இல், பனிமய மாதாவுக்குத் தூத்துக்குடியில் புதிய ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி அதைக் கட்டினார். ஒரே நிறுவனம், ஒரே காலத்தில், கடலின் ஒரு கரையில் குருவை மறைத்தவருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டது. மறு கரையில் குரு கோவில் கட்டுவதைப் பொறுத்துக்கொண்டது. கொள்கையின் கடுமையை வணிக நலனும் ஆட்சி வலிமையும் எந்த அளவுக்குத் தீர்மானித்தன என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

முட்டமும் குமரிக் கடற்கரையும்

முட்டம் உள்ளிட்ட குமரியின் மேற்குக் கடற்கரை ஊர்கள் தூத்துக்குடிக்கும் ஒல்லாந்தர் 1663-இல் கைப்பற்றிய கொச்சிக்கும் இடையில் இருந்தன. ஒல்லாந்தரின் கப்பல்கள் இக்கரையோரம் சென்றுவந்தன. ஆயினும் இப்பகுதி வேணாட்டு அரசர்களின், பின்னர் திருவிதாங்கூர் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. கொச்சியில் ஒல்லாந்தர் புனித பிரான்சிஸ் ஆலயத்தைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டது போல இங்கே நடக்கவில்லை. முட்டத்தின் முக்குவர் கத்தோலிக்கருக்குப் பள்ளித் தோம்பும் ஞாயிற்றுக்கிழமை அபராதமும் அறிமுகமே ஆகவில்லை.

இந்த நிலை மாறக்கூடிய ஒரு தருணம் 1741-இல் வந்தது. முட்டத்துக்கு அருகிலுள்ள குளச்சலில் ஒல்லாந்தரின் படை இறங்கியது. 1741 ஆகஸ்டு 10 அன்று மார்த்தாண்ட வர்மா மன்னரின் படை அதைத் தோற்கடித்தது. கடற்கரை மீனவர்கள் மன்னரின் பக்கம் நின்றதை இவ்வட்டார மரபு பெருமையுடன் நினைவுகூர்கிறது. சிறைப்பட்ட ஒல்லாந்தப் படைத்தலைவர்களுள் ஒருவரான டிலனாய் ஒரு கத்தோலிக்கர். பிறகு அவர் திருவிதாங்கூர் படையின் தலைவராக உயர்ந்தார்.

சமயத்துக்கான தண்டனை ஒல்லாந்தரிடம் மட்டும் இருந்ததாக எண்ணுவதும் சரியாகாது. டிலனாயின் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அரண்மனை அலுவலர் தேவசகாயம் பிள்ளை, 1749-இல் கைது செய்யப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மீனவரின் பரம்பரை வழிபாட்டைப் பொறுத்துக்கொண்ட அதே அரசு, தன் அலுவலர் ஒருவர் சமயம் மாறியதைப் பொறுக்கவில்லை. அவருக்கு 2022-இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

சட்டங்கள் நீங்கியது

1795, 1796 ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றினர். ஆளுநர் தாமஸ் மெய்ட்லண்ட் 1806 மே 27 அன்று ஓர் ஒழுங்குவிதியை வெளியிட்டார். அதன்படி, கத்தோலிக்கர் தீவின் ஆங்கிலேயப் பகுதிகள் எங்கும் தடையின்றி வழிபடவும், மற்றக் குடிகளைப் போலவே உரிமைகளும் பதவிகளும் பெறவும் வழி பிறந்தது. 1795 ஆகஸ்டு 26 முதல் கத்தோலிக்க முறைப்படி நடந்த திருமணங்கள் அனைத்தும் சட்டப்படி செல்லும் என்றும் அது அறிவித்தது.

திருமணங்களைப் பற்றிய இந்தப் பகுதி கவனிக்கத்தக்கது. விடுதலை அளிக்கும் சட்டம், வழிபாட்டு உரிமையோடு நிறுத்தாமல், செல்லாதவையாகக் கிடந்த திருமணங்களைச் செல்லுபடியாக்கவும் வேண்டியிருந்தது. பழைய சட்டம் குடும்பங்களை எங்கே இறுக்கிப் பிடித்திருந்தது என்பதை இது காட்டுகிறது.

இங்கிலாந்தில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையைப் பெற்றது 1829-இல்தான். ஆளும் நாட்டில் கத்தோலிக்கருக்கு முழு உரிமை கிடைப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, அது ஆண்ட தீவில் இத்தடைகள் நீங்கின.

விளைவு

ஒல்லாந்தர் போனதும், பள்ளித் தோம்பில் கிறிஸ்தவராகப் பதிவாகியிருந்த பெருந்தொகையினர் அச்சபையை விட்டு விலகினர். சைவர் சைவத்துக்கும், கத்தோலிக்கர் கத்தோலிக்கத்துக்கும் வெளிப்படையாகத் திரும்பினர். சுமார் 140 ஆண்டுகள் அரசின் முழு ஆதரவைப் பெற்றிருந்த சபை, அந்த ஆதரவு நின்றதும் மிகச் சிறியதாகச் சுருங்கியது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய சீர்திருத்தச் சபைகள், 19-ஆம் நூற்றாண்டில் வந்த அமெரிக்க, ஆங்கிலேய மிஷனரிகளின் பள்ளிகளாலும் மருத்துவப் பணியாலும் வளர்ந்தவை. அவை அபராதத்தை நம்பியிருக்கவில்லை.

கத்தோலிக்கர் தரப்பில், குரு இல்லாத காலத்தில் பொறுப்பேற்ற மூப்பரும் அண்ணாவியாரும் ஊர்க் கோவில்களில் நிலையான இடம் பெற்றனர். கோவில் என்பது கட்டடம் அல்ல, ஊர் மக்களே என்ற உணர்வு வலுப்பட்டது.

இந்திய அரசமைப்பின் 25-ஆம் உறுப்பு, விரும்பும் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் மனச்சான்றின் உரிமையையும் எல்லோருக்கும் உறுதி செய்கிறது. யாழ்ப்பாணத்தில் வாழையிலையைக் கூரையில் ஒளித்த சைவருக்கும், இரவில் கதவடைத்துப் பூசை கண்ட கத்தோலிக்கருக்கும், காற்றாடிமலையில் உயிர்விட்ட தேவசகாயத்துக்கும் கிடைக்காமல் போனது அந்த உரிமைதான்.